காலிக் கப்பலுக்குக் காவல் இல்லை

கேப்டன் ஜெனோவா மோத்தா, தன் கப்பலின் சுக்கான் அறையான பிரிட்ஜில் நின்றபடி ஆறிப்போன உப்புமாவைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் வடக்கே அந்தக் கறுப்புப் புகை எழுந்தது. மேகத்தின் அடி என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணமே ரேடியோவில் ஒரு குரல் வந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பதற்றத்தில் பாதியிலேயே தமிழுக்கு இறங்கிவிட்ட குரல்.

"எல்லாக் கப்பலுக்கும்... இது 'சில்வர் ஹெரான்'. எஞ்சின் ரூமில டிரோனால அடிச்சுப்போட்டாங்கள். நெருப்பு. கீழ நாலு பேர் நிக்கினம், பதில் இல்லை. ஆராவது கேக்கிறியளோ?"

ஜெனோவா தட்டை வைத்துவிட்டு ரேடியோவை எடுத்தாள். "'பொருநை' பேசுதேன். கேக்குது கேப்டன். எத்தனை டிரோன்?"

"தமிழோ! கடவுளே. நான் யோகேந்திரன், பருத்தித்துறை. மூண்டு வந்தது. ஒண்டு அடிச்சிட்டுது. மற்ற ரெண்டும் தலைக்கு மேல சுத்திக்கொண்டு நிக்குது. படகை இறக்கினா படகை அடிக்கும் எண்டு பயமாக் கிடக்கு."

"படகை இறக்காதீங்க. நான் காவல் கப்பலைக் கூப்பிடுதேன்."

ஜெனோவாவின் 'பொருநை' அன்று இருபது லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயோடு அரபிக் கடலில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் ஏற்றிய கப்பல்களுக்குத் தெற்குப் பாதை. முன்னும் பின்னும் போர்க்கப்பல்கள் வரும். எண்ணெயை இறக்கிவிட்டு வளைகுடாவுக்குத் திரும்பும் காலிக் கப்பல்களுக்கு வடக்குப் பாதை. அங்கே எதுவும் வராது. இப்படித்தான் மூன்று வருடமாக நடந்தது. காலிக் கப்பலில் போகும்போது மாலுமிகள் ஜெபமாலையையோ தஸ்பீஹையோ கையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

கார்களெல்லாம் மின்சாரத்துக்கு மாறிய பிறகு எண்ணெய்க்காகச் சண்டை இருக்காது என்று ஒரு தலைமுறையே நம்பியிருந்தது. காரில் போகிறவர்களுக்கு அது சரிதான். போர் விமானத்துக்கும் போர்க்கப்பலுக்கும் டாங்கிக்கும் மின்கலம் போதவில்லை. உலகத்தில் மிச்சமிருந்த நல்ல எண்ணெய்க் கிணறுகளோ ஒரு கை விரலுக்குள் அடங்கின. நாடுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. தென்கடல் கூட்டமைப்பு, வடகடல் கூட்டமைப்பு. படையை ஓட்ட எண்ணெய் வேண்டும், எண்ணெயைக் கொண்டுவரப் படை வேண்டும். யாருடன் நட்பு, யாருடன் பகை, எந்தத் தீவில் யாருக்குத் துறைமுகம் என்பதையெல்லாம் இந்த ஒன்றே முடிவு செய்தது.

போர்க்கப்பல்கள் குறைவு, காக்க வேண்டிய கப்பல்கள் அதிகம். அதனால் ஜெனோவா சார்ந்த தென்கடல்காரர்கள் 'அரண்' என்ற கணினி அமைப்பை வைத்தார்கள். எந்தப் போர்க்கப்பல் எந்த நேரத்தில் எந்தக் கப்பலுக்குக் காவல் போவது என்பதை அதுதான் சொல்லும். தமிழ் மாலுமிகள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஜெனோவா உதவிக் கோரிக்கையை அனுப்பினாள். பதில் உடனே திரையில் வந்தது. கோரிக்கை மறுக்கப்பட்டது. சரக்கு: இல்லை. காவல் மதிப்பு: பூஜ்யம்.

பக்கத்தில் நின்ற சீஃப் ஆபீசர் இம்தியாஸ் அதைப் படித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். காயல்பட்டினத்துக்காரன். அவன் மச்சான் போன வருடம் இப்படி ஒரு காலிக் கப்பலில்தான் போனான். உடம்புகூட வரவில்லை.

ஜெனோவா வேறு அலைவரிசையில், தங்களுக்குக் காவலாக வந்த போர்க்கப்பல் 'திண்மை'யைக் கூப்பிட்டாள். அதன் தலைவர் கமாண்டர் செங்கோட்டுவேலு. நேரில் பார்த்ததில்லை. பல பயணங்களில் குரல் மட்டும் பழக்கம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரல்.

"கமாண்டர், வடக்கே ஒரு கப்பல் எரியுது. பார்த்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"ஒரு மணி நேர ஓட்டம்கூட இல்லை. போகலையா?"

"அரண் அனுமதிக்கலைங்க. என் கப்பல்ல ஊத்தற எண்ணெய்க்கே அதுதான் கணக்கு வச்சிருக்குது. காலிக் கப்பலுக்காக எரிக்கிற எண்ணெய், அதுக்கு வீணாப்போன எண்ணெய்."

"அதுல இருக்கிறது ஆளுங்க கமாண்டர்."

"தெரியுமுங்க," என்றார். "தெரியாம பேசலைங்க."

யோகேந்திரன் மறுபடி வந்தார். நெருப்பு மேல் தளத்துக்கு வரவில்லை என்றார். புகை மட்டும் அதிகம். பிறகு, யாரிடமோ குறைப்படுகிறவரைப் போலச் சொன்னார்: "விடியேக்கையே இந்த மூண்டும் வந்திட்டுது, தெரியுமோ. எங்களுக்குப் பக்கத்தால ஒரு எண்ணெய்க் கப்பல் பாதை தவறிப் போய்க்கொண்டிருந்தது. அது தூரப் போகுமட்டும் பேசாமச் சுத்திக்கொண்டு நிண்டிட்டு, பிறகுதான் அடிச்சது."

ஜெனோவா ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டே இம்தியாஸ் பக்கம் திரும்பினாள்.

"இம்தியாஸ், உன் மச்சான் போனாரே, அந்தக் கப்பல் எப்படிப் போச்சு?"

"தனியாப் போச்சு மேடம். எல்லாமே தனியாத்தான் போவும்."

"எண்ணெய்க் கப்பல் எதையாவது அடிச்சிருக்கானா? இந்த மூணு வருஷத்துல?"

இம்தியாஸ் யோசித்தான். "இல்லை. ஒண்ணுகூட இல்லை."

"ஏன் அடிக்கல?"

"அடிச்சா எண்ணெய் போயிரும்ல. அவனுக்கும் அது வேணும். பிடிச்சுட்டுப் போகப் பாப்பான், எரிக்க மாட்டான். காலிக் கப்பலை அடிச்சா ஒரு சொட்டும் வீணாகாது, நமக்கு ஏத்திட்டு வர ஒரு கப்பல் குறையும்." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்பது புரிந்துவிட்டது.

அவள் கமாண்டரை மறுபடி கூப்பிட்டாள். "ஒரே ஒரு கேள்வி. எண்ணெய் ஏத்தின கப்பல் பக்கத்துல நின்னா அந்த டிரோன் அடிக்குமா?"

"அதைப் பத்திப் பேச எனக்கு அனுமதி இல்லைங்க."

"சொல்லிட்டீங்க. நன்றி."

"கேப்டன், என்ன பண்ணப் போறீங்க?"

அவள் ரேடியோவை வைத்தாள். சீஃப் இன்ஜினியர் தணிகாசலத்தை மேலே வரச் சொன்னாள். அவருக்கு இது கடைசிப் பயணம். இறங்கியதும் ஓய்வு. கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் துணியைக் கீழே போட்டார்.

"இருபது லட்சம் பீப்பாய் மேல உக்காந்துகிட்டு நெருப்பைத் தேடிப் போறோமா மேடம்? டிரோன் அடிக்காதுன்னு வச்சுக்குவோம். அந்தக் காலித் தொட்டிக்குள்ள இருக்கிற ஆவி வெடிச்சா? ஒரு பொறி இங்க வந்து விழுந்தா?"

"காத்து வார பக்கமா நிப்போம். ஒரு மைல் தள்ளி. மீட்புப் படகு போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வரட்டும்."

"டிரோனுக்கு ஒரு மைல் போதும்னு யாரு சொன்னது? அரை மைல்தான் அதோட எல்லைன்னா?"

"தெரியாது சீஃப். போய்த்தான் பாக்கணும்."

"எனக்குச் சம்மதமில்லை."

"சரி. பதிவு பண்ணிக்கிடுதேன்."

ஒலிபெருக்கியில் எல்லோரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். வடக்கே எரியும் கப்பல், அதில் மாட்டியிருக்கும் ஆட்கள், அரண் மறுத்தது, தான் திரும்பப் போவது. "பயமா இருக்கிறவங்க கை தூக்குங்க. உங்களைப் படகுல இறக்கி, பின்னால வார கப்பல்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போறேன். ஒரு தப்பும் இல்லை. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவனுக்கு ஊரில் மனைவி நிறைமாதம். அவனே அழுதுகொண்டுதான் இறங்கினான். ஜெனோவா அவன் முதுகில் தட்டி அனுப்பினாள்.

தணிகாசலம் இறங்குவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கீழே போகும் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

"சீஃப், படகு அந்தப் பக்கம்."

"இன்ஜின் இந்தப் பக்கம்," என்றார் திரும்பாமலே. "சம்மதமில்லைன்னுதான் சொன்னேன். என் இன்ஜினை வேற எவனோ ஓட்டுவான்னு சொல்லலை."

அவ்வளவு பெரிய கப்பல் திரும்புவதற்கு நேரம் பிடிக்கும். சுக்கானைத் திருப்பியதும் முதலில் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். பிறகு தொடுவானம் மெல்ல நகரும். பொருநையின் மூக்கு வடக்கே வந்தபோது ரேடியோவில் கமாண்டரின் குரல் உயர்ந்திருந்தது.

"கேப்டன் மோத்தா, பாதைக்குத் திரும்புங்க. இது கூட்டமைப்போட உத்தரவு. மீறினா உங்க கப்பலை நிறுத்தச் சொல்லி எனக்கு உத்தரவு வரும்."

"நிறுத்துங்க."

"விளையாட்டு இல்லைங்க."

"நானும் விளையாடல. எப்படி நிறுத்துவீங்க கமாண்டர்? சுடுவீங்களா? உள்ள இருக்கிறது எண்ணெய். இந்தக் கடல்ல என்னைச் சுட யாருக்கும் மனசு வராது. உங்களுக்கும் வராது, அவனுக்கும் வராது. எங்களை இப்படிப் பாதுகாப்பா வச்சதே நீங்கதான்."

இம்தியாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"இன்னொண்ணும் சொல்லுதேன். இந்தச் சரக்கு எங்க போனாலும் காவல் போகணும், அதானே சட்டம்? அப்ப நீங்க என் பின்னால வந்துதான் ஆகணும். கணக்குப்பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க."

சில நிமிடங்கள் போயின. பிறகு கமாண்டர் சொன்னார்: "உத்தரவு வந்துருச்சுங்க. வர்றேன்."

"பாத்தியாலே!" என்று ஜெனோவா சுக்கான் பிடித்தவனின் தோளில் ஓங்கித் தட்டினாள். மூன்று வருடமாகத் தங்களை அரிசி மூட்டைபோல எடைபோட்ட ஒன்றை, அதன் தராசாலேயே அடித்துவிட்ட சந்தோஷம். அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அந்தக் கப்பலில் யாரும் பார்த்ததில்லை.

சில்வர் ஹெரான் கண்ணுக்குத் தெரிந்தபோது அந்தச் சந்தோஷம் அடங்கிவிட்டது. காலிக் கப்பல் என்பதால் நீருக்கு மேலே உயரமாக எழும்பி, அடிவயிற்றின் சிவப்பு தெரிய நின்றது. பின்பக்கம் புகை. முன்தளத்தில் சின்னச் சின்னதாக ஆட்கள். தலைக்கு மேலே இரண்டு டிரோன்கள், பிணத்தைக் கண்ட பருந்துகளைப் போல.

"பிள்ளை, கிட்ட வராதேங்கோ," என்றார் யோகேந்திரன். கேப்டன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் எப்போது பிள்ளை என்று மாறினார் என்பது இருவருக்குமே தெரியாது. "உங்களுக்கு ஏதும் நடந்தா நான் ஆருக்குப் பதில் சொல்றது?"

"கணக்குப்பிள்ளைக்குச் சொல்லுங்க. நான் வந்துட்டேன்."

டிரோன்களில் ஒன்று வட்டத்தை விட்டு விலகி நேராகப் பொருநையை நோக்கி வந்தது. சுக்கான் பிடித்தவன் கண்ணை மூடிக்கொண்டான். "கண்ணைத் திற, நேராப் போ," என்றாள் ஜெனோவா. டிரோன் கப்பலின் மூக்குக்கு மேலே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, எண்ணெய்த் தொட்டிகளின் நீளத்துக்கு மெதுவாகப் பறந்தது. மோப்பம் பிடிப்பது போலிருந்தது. பிறகு மேலே எழும்பி விலகிப்போய் உயரத்தில் நின்றது. மற்றதும் அதனுடன் போய்ச் சேர்ந்துகொண்டது.

"விலகிப் போச்சு!" என்று இம்தியாஸ் கத்தினான். கீழே எஞ்சின் அறைவரை கத்தல் கேட்டது.

மீட்புப் படகு போனது. முதல் நடையில் காயம்பட்டவர்கள் வந்தார்கள். அதற்குள் இன்னொரு சிக்கல் வந்தது. அவ்வளவு கனமான கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது. நீரோட்டம் பொருநையைத் தெற்கே தள்ளியது. சுற்றிக்கொண்டு மறுபடி வரவேண்டும். தூரம் கூடக் கூட டிரோன்கள் கீழே இறங்கின. ஜெனோவா நெருங்கினால் ஏறின. விலகினால் இறங்கின. படகு இரண்டு கப்பலுக்கும் நடுவில் இருந்தபோது ஒரு டிரோன் மிகவும் தாழ்ந்து வரவே, படகில் இருந்தவர்கள் தண்ணீரில் குதித்துவிட்டார்கள்.

"வடக்குப் பக்கம் திறந்து கிடக்கு," என்றாள் ஜெனோவா. "நான் ஒருத்தி ரெண்டு பக்கமும் நிக்க முடியாது."

அப்போதுதான் இம்தியாஸ் ரேடாரைக் காட்டினான். வடக்கே இருந்து இன்னொரு பெரிய கப்பல். நிறைய ஏற்றி, நீரில் ஆழமாக அழுந்தி வந்தது. அடையாளத்தைப் படித்தபோது அவன் முகம் வெளுத்தது. "வடகடல்காரன் மேடம்."

டிரோன்களை அனுப்பிய கூட்டமைப்பின் கப்பல் அது. ரேடியோவில் ஒரு முதியவரின் குரல், தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் வந்தது. தன் பெயர் சோரின் என்றார். காலையிலிருந்து இந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். உங்கள் மொழி புரியவில்லை, ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்தது என்றார்.

"என் கப்பலிலும் எண்ணெய் இருக்கிறது. நான் வடக்குப் பக்கம் நிற்கிறேன். நீங்கள் தெற்கில் நில்லுங்கள்."

ஜெனோவாவுக்கு நம்ப முடியவில்லை. "நீங்கள் ஏன் வருகிறீர்கள்?"

"போன மாதம் எங்கள் காலிக் கப்பல் ஒன்றை உங்கள் டிரோன்கள் அடித்தன. என் தம்பி அதில் சமையல்காரனாக இருந்தான். நான் இருபது மைல் தள்ளி எண்ணெயோடு போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் போய் நின்றிருந்தால் போதும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது."

அவள் கமாண்டரின் அலைவரிசைக்கு மாறினாள். "கமாண்டர், நாமளும் இதைச் செய்யுதோமா?"

அவள் விடாமல் மறுபடி கேட்டாள்.

"காலிக் கப்பலை நம்ம ஆளுங்களும் அடிக்காங்களா? ஆமாவா இல்லையா?"

"ஆமாங்க," என்றார் செங்கோட்டுவேலு.

அவள் ரேடியோவை மாட்டினாள். தூத்துக்குடியில், ஊர்த் திருவிழாவில் தன்னை மேடையேற்றிச் சால்வை போர்த்தியது ஞாபகம் வந்தது. நாட்டுக்கு எண்ணெய் கொண்டுவரும் நம் வீட்டுப் பெண் என்றார்கள். அந்தச் சால்வை இப்போது கழுத்தைச் சுற்றி இறுக்குவது போலிருந்தது.

இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் இரண்டு பக்கமும் நின்றன. டிரோன்களுக்கு இறங்க இடமில்லை. பறந்து பறந்து களைத்து, மின்கலம் தீர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் விழுந்தன. படகு போய்ப் போய் வந்தது. தண்ணீரில் குதித்தவர்களும் கிடைத்துவிட்டார்கள். திண்மை வந்து சேர்ந்தது. அதன் ஹெலிகாப்டர் தீக்காயம் பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்காவிட்டால் இன்னும் சிலர் பிழைத்திருக்க மாட்டார்கள். சோரினைத் தேடி வடகடல் போர்க்கப்பல் ஒன்றும் வந்தது. இரண்டு போர்க்கப்பல்களும் பீரங்கிகளைத் திருப்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் அவ்வளவு எண்ணெய். யாரும் சுடவில்லை.

யோகேந்திரன் கடைசியாகத்தான் ஏறினார். எஞ்சின் அறையில் இருந்த நால்வரும் வரவில்லை. அறுபது வயது மனிதர், புகையில் கறுத்த முகத்தோடு ஜெனோவாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கீழேயிருந்து வந்த தணிகாசலம் அவருக்குத் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

விசாரணை மழைக்காலத்தில், கூட்டமைப்பின் கடல் ஆணையத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவராக இருந்த முன்னாள் தூதர் மிகவும் மரியாதையான மனிதர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் குற்றச்சாட்டுகளைப் படித்தார்.

தணிகாசலத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். "கேப்டன் செய்தது சரியா?" என்று கேட்டார்கள்.

"தப்புங்க. அன்னைக்கே சொன்னேன்."

"பிறகு ஏன் இன்ஜினை ஓட்டினீர்கள்?"

"தப்புன்னு சொன்னது என் மூளை. மறுபடி இப்படி ஒண்ணு நடந்தா மறுபடியும் தப்புன்னு சொல்லிட்டு மறுபடியும் ஓட்டுவேன். எழுதிக்குங்க."

தலைவர், இந்தச் சம்பவத்தில் உயிரிழப்பு நான்கு என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பின் வரிசையில் யோகேந்திரன் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. "ரோமெல், செபுத் தீவு. ஷாஹின், சிட்டகாங். ஜெயசீலன், மன்னார். பிபின், பூரி," என்று நிதானமாகச் சொன்னார். "இப்ப மிச்சத்தை வாசியுங்கோ."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜெனோவாவைப் பார்த்தார். "இப்போது வளைகுடாவில் என்ன நடக்கிறது தெரியுமா? எண்ணெய் ஏற்றிய கப்பல்கள் காலிக் கப்பலுக்குத் துணையாகப் பாதிவழி வந்துவிட்டுத் திரும்புகின்றன. நம் கப்பல், அவர்கள் கப்பல் என்றுகூடப் பார்ப்பதில்லை. அரணால் எதையும் திட்டமிட முடியவில்லை. நீங்கள் ஆரம்பித்து வைத்தது."

"சந்தோஷம் சார்."

"சந்தோஷப்பட ஒன்றுமில்லை. எண்ணெயைச் சுடக்கூடாது என்பது இரு தரப்பும் எழுதாமல் காத்து வந்த கட்டுப்பாடு. நீங்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளப் பழக்கிவிட்டீர்கள். நாளைக்கு எதிரி, போகட்டும் என்று எண்ணெய்க் கப்பலையே அடித்தால்?"

"அடிக்கட்டும்," என்றாள் ஜெனோவா. "எதுக்காக இத்தனை பேரைக் கொன்னீங்களோ அதையே எரிக்கட்டும். எரிச்சு முடிச்சப்புறம் எதுக்குச் சண்டை போடுவீங்கன்னு நானும் பாக்கணும்."

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மன்னிப்புக் கேட்டால் ஆறு மாத இடைநீக்கத்தோடு முடிக்கலாம்," என்றார் தலைவர். அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "நல்ல கேப்டன் நீங்கள்."

"நாலு வீட்டுக்கும் போய் நீங்க மன்னிப்புக் கேளுங்க சார். அந்த ஊருக்கெல்லாம் வழி யோகேந்திரன் அண்ணனுக்குத் தெரியும். திரும்பி வந்தப்புறம் நான் கேக்குதேன்."

அவளுடைய கேப்டன் சான்றிதழை நிரந்தரமாக ரத்து செய்தார்கள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. துறைமுக வாசலில் ஆட்டோ தேடி நின்றாள். கட்டம் போட்ட சட்டையில் ஒரு மனிதர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். மீசை, மெலிந்த உடம்பு. பார்த்த முகமில்லை.

"கேப்டனுங்களா?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. "கமாண்டர்!"

"இப்ப கமாண்டர் இல்லைங்க. போன வாரம் வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"அன்னைக்கு அங்க வந்ததுக்குத்தானுங்க."

அவளுக்குப் புரியவில்லை. "நீங்க உத்தரவுப்படிதான வந்தீங்க? சரக்கு எங்க போனாலும் காவல் போகணும்லா?"

செங்கோட்டுவேலு ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க கப்பலைத் திருப்பின கொஞ்ச நேரத்துலயே அரண் உங்களைக் கணக்குல இருந்து எடுத்துருச்சுங்க. 'இழந்த சரக்கு'ன்னு போட்டுருச்சு. உங்க காவல் மதிப்பும் பூஜ்யம். மத்த எண்ணெய்க் கப்பலுங்களோட கிழக்க போன்னுதான் எனக்கு உத்தரவு."

"இருபது லட்சம் பீப்பாயையா விட்டுருச்சு?"

"உங்களைக் காப்பாத்துனா எல்லாக் கேப்டனும் இப்படித் திரும்புவாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. ஒரு கப்பலை விட்டாத்தான் மிச்சத்தைப் பிடிச்சு வைக்க முடியும்னு கணக்குப் போட்டிருக்குது. நாங்க யாரும் அதுக்கு அப்படிச் சொல்லிக் குடுக்கலை."

ஜெனோவாவுக்கு, அரணை அதன் தராசாலேயே அடித்துவிட்டதாகத் துள்ளியது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. அன்று அவ்வளவு ஆட்களோடு அந்தக் கடலில் அவள் நின்றது எந்த இயந்திரத்தின் காவலிலும் இல்லை.

"உத்தரவு வந்துருச்சுன்னு சொன்னீங்களே?"

"பொய்யிங்க. என் பிரிட்ஜுல நின்ன பசங்களுக்கும் அதைத்தான் சொன்னேன். தெரிஞ்சா அவங்களும் குத்தவாளி ஆயிருவாங்கல்ல."

அவள் அந்த மனிதரை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள்.

"இனி என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார் அவர்.

"யோகேந்திரன் அண்ணனுக்கு வேற கப்பல் கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலியா வளைகுடாவுக்குக் கிளம்புது. என்னைக் கேப்டனாப் போகத்தான் விடமாட்டாங்க, தளம் கழுவப் போகலாம்ல. சான்றிதழ் வேண்டாம் அதுக்கு."

"வடக்குப் பாதையிலங்களா?"

"காலிக் கப்பலுக்கு வேற பாதை ஏது?"

செங்கோட்டுவேலு மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, ரேடியோவில் பேசும் அதே நிதானமான குரலில் கேட்டார்: "அதுல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமுங்களா?"

"சமைக்கத் தெரியுமா?"

"சுத்தமாத் தெரியாதுங்க."

ஆட்டோ வந்து நின்றது. ஜெனோவா ஏறி, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வளைகுடா போறதுக்குள்ள கத்துக்கிடலாம். ஏறுங்க."